புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

(எங்கள் புனே கிளையின் மாணவர் பாராட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் அல்ல. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இந்த விஷயத்தில் பெரிய தவறு ஒன்று செய்தவன். அதுதான் என் தகுதி.

என் பெண் பத்தாம் வகுப்பு படித்தபோது விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவேன். காபி கொடுத்து, ஒரே பாடத்தைப் பத்து தடவை வாசிக்க வைப்பேன். பரீட்சை ஹாலில் எல்லாம் மறந்துவிட்டது என்று அழுதுகொண்டே வந்தாள். "உனக்கு ஞாபக சக்தி போதாது" என்று சொல்லிவிட்டேன். குழந்தை அதை நம்பிவிட்டாள். ஸயன்ஸ் எடுத்துக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிட்டாள்.

மறப்பது அவள் குற்றமே அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்காஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து, 1885ல் முடிவுகளை வெளியிட்டார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது. அப்புறம் மறப்பது மெதுவாகிறது. எல்லோருடைய மூளைக்கும் இதுதான் சுபாவம்.

பரிகாரம் என்ன? 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவிகிதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவிகிதம்! திரும்பத் திரும்ப வாசித்தால் 'தெரிந்துவிட்டது' என்ற பிரமைதான் வருகிறது. தேடி எடுக்கும்போதுதான் நினைவு பலப்படுகிறது.

இது நமக்குப் புதிதா? ஸஹஸ்ரநாமத்தை வருஷக்கணக்காகப் புத்தகத்தைப் பார்த்தே சொன்னேன். பார்க்காமல் பத்து ச்லோகம் வரவில்லை. பாடசாலையில் சந்தை சொல்லும் பிள்ளைகள் கையில் புத்தகமே இல்லை. குரு ஒரு தடவை சொன்னதைக் காதால் வாங்கி இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நிற்கிறது.

அடுத்தது தூக்கம். புதிதாகக் கற்றது முதலில் மூளையின் உள்ளே ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய பகுதியின் உதவியோடு பதிகிறது. அது நிலைபெறத் தூக்கம் மிகவும் உதவுகிறது. நாலு மணிக்கு எழுப்பிய நான், கொடுத்ததையே பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஊக்கம். ம்யூல்லர், ட்வெக் என்ற இரு பெண்மணிகள் 1998ல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட குழந்தைகள் கடினமான கேள்விகளில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள். 'நன்றாக முயற்சி செய்தாய்' என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். ஆகவே இன்று பரிசு வாங்கும் குழந்தையிடமும், வாங்காத குழந்தையிடமும், மூளையைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். எப்படிப் படித்தாய் என்று கேளுங்கள்.

இப்போது என் பெண் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு தடவை படித்ததும், "புத்தகத்தை மூடிட்டுப் பாட்டிக்குச் சொல்லு" என்கிறாள். எங்கே தடுமாறுகிறானோ அதை மட்டும் திறந்து பார்க்கிறான். மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. ஒன்பதரைக்குப் படுக்கை.

"இதெல்லாம் எங்கேம்மா கத்துண்டே?" என்று கேட்டேன்.

"நீங்க பண்ணினதுக்கு நேர் எதிரா பண்றேன்பா, அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை, நான் சொல்லிக் கொடுத்த விதம்தான் தப்பு" என்று அன்றைக்குத்தான் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் தாமதம். நீங்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.