சான்சலருக்கு முன்பே திறந்திருந்த கடல்

வடதிசைத் துறைமுகங்களின் வரலாற்றையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் கூடியிருக்கும் அவை இது. இதன் தலைமை இருக்கையில் அமர்த்தப்படுபவருக்குப் பெருமையோடு சிறு நடுக்கமும் சேர்ந்தே வரும். சொல்வதில் எது பிசகினாலும் எதிர்வரிசையில் இருப்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

மாநாட்டின் பொருள் ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்தின் வளர்ச்சி. 1583இல் நான்காம் இவான் பிறப்பித்த ஆணை, மறு ஆண்டு தூதர் மிக்கேல் மடத்தைச் சுற்றி எழுந்த மரக்கோட்டை, 1693இல் முதலாம் பீட்டர் வந்து சொலம்பாலாவில் கப்பல்தளம் அமைத்தது, பிறகு அதே பீட்டர் பீட்டர்ஸ்பர்க்கை வளர்ப்பதற்காக இந்த ஊரின் வணிகத்துக்குக் கடிவாளம் போட்டது, 1941 ஆகஸ்ட் 31 அன்று ‘டெர்விஷ்’ கப்பல் தொடர் வந்து சேர்ந்தது என எல்லாவற்றையும் இந்த அவை அறியும். அவற்றைப் பற்றிக் கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள். தலைமை உரை 1553 என்ற ஒரே ஆண்டைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த ஆண்டில் ஆங்கிலேய மாலுமி ரிச்சர்ட் சான்சலர் திவினா ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து, வெண்கடல் வழியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் கூற்று கிளெமென்ட் ஆடம்ஸ் எழுதிய விவரணையிலிருந்து பிறந்தது. ரிச்சர்ட் ஹக்லூயிட் 1589இல் வெளியிட்ட தம் பெருந்தொகுப்பில் அதைச் சேர்த்தார். அந்தத் தொகுப்பின் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதிய நம் மூத்த அறிஞர்கள் சிலரிடம், மரியாதை குறையாமல், ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ஹெர்பர்ஸ்டைனை ஏன் ஓரங்கட்டினீர்கள்?

மாஸ்கோவுக்கு இருமுறை தூது சென்ற சிகிஸ்முண்ட் ஹெர்பர்ஸ்டைனின் லத்தீன் நூல் வியன்னாவில் அச்சானது 1549இல். சான்சலர் பாய்விரிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு! அதில் கிரிகோரி இஸ்தோமா என்ற ரஷ்ய அரசுப் பணியாளரின் பயணம் பதிவாகியிருக்கிறது. 1496இல் சுவீடனோடு போர் நடந்ததால் டென்மார்க் செல்லும் வழக்கமான வழி அடைபட்டுக் கிடந்தது. இஸ்தோமா திவினா முகத்துவாரத்தில் நான்கு படகுகளோடு புறப்பட்டு, கோலா தீபகற்பத்தைச் சுற்றி நார்வே சென்றார். இது வழி தெரியாமல் துழாவிய பயணமன்று. எங்கே சுழல் இழுக்கும், எங்கே படகைக் கரையேற்றி நிலத்தின் மேல் இழுத்துச் செல்ல வேண்டும் என்பதெல்லாம் உடன் சென்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதில் ஒரு காட்சி. செமெஸ் என்ற பாறையருகே காற்று எதிர்த்து அடிக்கிறது. பாறைக்குக் காணிக்கை வைக்காமல் தாண்ட முடியாது என்கிறார் படகுத் தலைவர். மூடநம்பிக்கை என்று இஸ்தோமா கடிந்துகொள்கிறார். நான்கு நாள் முடங்கிக் கிடந்த பிறகு காற்று தணிகிறது. திரும்பி வரும்போதுதான் உண்மை வெளிவருகிறது: அன்றிரவே அந்தத் தலைவர் யாருமறியாமல் பாறைமேல் ஏறி, வெண்ணெயில் பிசைந்த ஓட்ஸ் மாவைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். பாறைக்கு ஒரு பெயரும், அதற்கென ஒரு காணிக்கை வழக்கமும் ஏற்பட வேண்டுமானால் அந்த வழியில் எத்தனை தலைமுறை போய்வந்திருக்க வேண்டும்?

இன்னொரு சாட்சி திவினா நாளாகமம். ஆடம்ஸின் விவரணையில் மீனவர்கள் பெரிய கப்பலைக் கண்டு மிரண்டு, சான்சலரின் காலில் விழுகிறார்கள். நாளாகமமோ, வந்தவர்கள் சிறு படகுகளில் ஹோல்மோகரிக்கு வந்தார்கள், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் ஜாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று நிதானமாகக் குறிக்கிறது. அந்நியக் கப்பல் வந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று தெரிந்த ஊர் அது.

சான்சலரோடு ஒரே பயணத்தில் புறப்பட்டு வழியில் பிரிந்துபோன ஹியூ வில்லோபியின் முடிவும், அந்தக் கடலைப் பற்றிய அறிவு கரையோர மக்களிடமே இருந்தது என்பதைக் காட்டுகிறது. கோலா கரையில் ஒதுங்கிய அவர் மூன்று திசைகளில் ஆளனுப்பித் தேடினார். மனித வாடையே இல்லை என்று அவருடைய குறிப்பேடு சொல்கிறது. ஆம், இலையுதிர் காலத்தில் இருக்கவும் மாட்டார்கள். அந்தக் கரையில் மீன்பிடி வசந்தத்தில் தொடங்கும். குளிருக்கு முன் படகுகள் வீடு திரும்பிவிடும். 1554இல் வந்த கரேலிய மக்கள்தாம் நங்கூரமிட்டு நின்ற இரு கப்பல்களையும், அவற்றில் இறந்து கிடந்தவர்களையும் கண்டார்கள். வில்லோபியோடு மடிந்தவர்களுக்கு அந்தக் கடலின் பருவக் கணக்கைச் சொல்லித் தர ஒருவர்கூட அருகில் இல்லை. நெஞ்சை உறுத்தும் செய்தி இது.

மறுகோடிக்குப் போய் ஆங்கிலேயரின் பங்கை அடியோடு மறுப்பவர்களோடும் உடன்பட முடியாது. 1555இல் அரச சாசனம் பெற்ற மஸ்கோவி கம்பெனி முதலைக் கொண்டுவந்தது, கோடைதோறும் பெருங்கப்பல்களை அனுப்பியது, ஹோல்மோகரியில் கயிறு திரிக்கும் பட்டறை வைத்தது. மீனவர்களின் தனிப் படகுகளால் அந்த அளவு வணிகத்தைத் தாங்கியிருக்க முடியாது.

ஆனால் நகரம் ஏன் 1584 வரை காத்திருந்தது? 1553தான் தொடக்கம் என்பவர்கள் இந்த முப்பது ஆண்டு இடைவெளிக்கு விடை சொல்ல வேண்டும். 1558இல் இவான் பால்டிக் கரையின் நார்வாவைப் பிடித்தார். 1581இல் சுவீடனிடம் இழந்தார். இரண்டே ஆண்டில் வெண்கடல் கோட்டைக்கு ஆணை பிறந்தது. நார்வாவின் இழப்பும் கரையோர மக்கள் ஏற்கெனவே பழக்கிவைத்திருந்த கடல்வழியும் சேர்ந்துதான் ஆர்க்காங்கெல்ஸ்கை உருவாக்கின. ஆங்கில வணிகம் அதற்கு வேகம் கொடுத்தது.

ஆகவே மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு அச்சேறும்போது, காலவரிசைப் பட்டியலில் 1553க்கு மேலே 1496 இடம்பெற வேண்டும் என்பது தலைமையின் வேண்டுகோள். இதை மறுக்கும் கட்டுரை முதல் அமர்விலேயே இருப்பதாகத் தெரிகிறது. அதற்கு நேரத்தைத் தாராளமாகவே ஒதுக்கலாம்.