தொற்றும் அச்சமும்

(காரைநகரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வூரின் கரையில் நின்று ஊர்காவற்றுறைப் பக்கம் நோக்குவோர்க்குக் கடல் நடுவே ஒரு கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் கட்டி, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை அது. ஆங்கிலேயர் ஆட்சியிலே அது சிறைச்சாலையாயிற்று. பின்னர்த் தொற்றுநோயாளரை வைக்கும் ஆஸ்பத்திரியாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது மறுபடியும் சிறையாயிற்று. இப்போது கடற்படையினர் நடத்தும் விடுதியாக விளங்குகிறது. கைதியை அடைத்த சுவர்களுக்குள்ளேயே நோயாளியையும் வைக்கலாம் என்று ஓர் அரசாங்கம் எண்ணிற்றே, அந்த எண்ணத்தைப் பற்றித்தான் நாம் இன்று பேச வந்தோம். கைதி செய்த குற்றம் ஏட்டில் இருந்திருக்கும். காய்ச்சற்காரன் செய்த குற்றம் யாது?

கோட்டையின் ஆஸ்பத்திரி போய்விட்டது. எண்ணம் போய்விடவில்லை. அது நமது வீடுகளுக்குள்ளே குடிபுகுந்திருக்கிறது.

காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவார் போகாத இடமும் இல்லை என்று நம்மவரைப் பற்றிச் சொல்வார்கள். கொழும்பிலும் மலைநாட்டிலும் சிங்கள ஊர்களிலும் கடை வைத்துப் பிழைத்த மக்கள் நாம். பகலெல்லாம் வாங்குவோர் நெருக்கத்தில் நின்று, இரவிலே கடையின் பின்கட்டிற் பத்துப்பேரோடு பாய் விரித்துப் படுத்து, மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரத்தைத் தரிசிக்க ஊர் திரும்பிய ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு இரண்டு மாதமாக இருமல். வீட்டிலே எண்பது வயதுத் தாயார், தவழும் குழந்தை, மறுபடியும் கருவுற்றிருக்கும் மனைவி. தன் உயிரைப் பற்றி அவன் கவலைப்படுவதில்லை. 'என் மூச்சு இவர்களைக் கெடுத்துவிடுமோ' என்பதே அவனை அரிக்கின்ற கவலை. அக்கவலையோடு அவன் என்ன செய்வான்? வைத்தியரிடம் போவானா? போகமாட்டான். சயரோகம் என்ற சொல் வெளியே வந்தால் தங்கையின் கலியாணம் குழம்பும். கடைக்கு வருவோர் குறைவர். ஆகவே மறைப்பான். மறைத்துக்கொண்டு அதே வீட்டில், அதே அறையில் உறங்குவான். யாரைக் காக்க வேண்டுமென்று அஞ்சினானோ அவர்களுக்கே அவ்வச்சம் தீங்காய் முடிகிறது. இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை என்று எண்ணாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மூத்த தலைமுறையினரைக் கேட்டால் இத்தகைய வீடு ஒன்றையாவது அறியாதவர் அரியர்.

இந்த அச்சத்துக்கு விடை தேடிய ஓர் ஆராய்ச்சி நமக்கு அண்மையிலேயே, சென்னப்பட்டணத்திலே நடந்தது. சயரோகத்துக்கு நெடுங்காலம் மருந்தில்லை. நோயாளியைச் சானற்றோரியம் என்னும் தனி ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கணக்காகக் கிடத்தி, நல்லுணவும் ஓய்வும் கொடுப்பதே சிகிச்சையாக இருந்தது. 1952ஆம் ஆண்டளவில் ஐசோனியாசிட் என்னும் மாத்திரை வந்தது. மாத்திரையை வீட்டிலிருந்தே விழுங்கலாமே! ஆனால், வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்குத் தொற்றிவிடாதா? இக்கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்ல முடியாது. 1956ஆம் ஆண்டிலே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன சேர்ந்து சென்னையில் ஒரு நிலையத்தை நிறுவின. வாலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் அதன் முன்னணியில் நின்றார். நகரத்து ஏழைகளான 193 நோயாளரை எடுத்து, யார் எப்பக்கம் என்பதைத் திருவுளச்சீட்டு முறைபோல முடிவுசெய்து, ஒரு பகுதியினரைச் சானற்றோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு காலம் ஒரே மருந்தைக் கொடுத்தனர்.

வீட்டிலிருந்தோரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நெருக்கமான குடிசை, குறைந்த உணவு, ஓய்வோ இல்லை, பலர் வேலைக்கும் போயினர். சானற்றோரியத்தில் இருந்தோர்க்குக் கட்டிலும் தாதியும் நிறைந்த சாப்பாடும் கிடைத்தன. ஓராண்டு முடிவில் இரு பகுதியாரும் ஏறத்தாழ ஒரே அளவிற் குணமடைந்தார்கள். 1959ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தபோது சானற்றோரியங்களின் காலம் முடியத் தொடங்கிற்று எனலாம்.

அதைவிடப் பெரிய செய்தி பின்னரே வந்தது. அந்நோயாளரோடு வாழ்ந்த குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் விடாது பரிசோதித்தனர். வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவரின் உறவினர்க்கு, சானற்றோரியத்துக்குச் சென்றவரின் உறவினரைக் காட்டிலும் நோய் கூடுதலாக வரவில்லை! ஏன்? தொற்ற வேண்டிய கிருமி, பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னரே தொற்றிவிட்டிருந்தது. மருந்து தொடங்கிய பின் நோயாளி கிருமி பரப்பும் ஆற்றல் விரைவிற் குன்றிப் போகிறது. ஆகவே ஆபத்தான காலம் எது? மருந்து தின்னும் காலமா? மறைத்துக்கொண்டு இருமிய காலமா? நாமோ மறைத்த காலத்தில் ஒன்றாக உண்டு உறங்கி, மருந்து தின்னத் தொடங்கியவனைத் திண்ணைக்குத் துரத்துகிறோம்.

இன்னொரு விந்தையும் உண்டு. சயரோகக்காரனுக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு வைப்பது நம் வழக்கம். அக்கிருமி தட்டினாலே பரவுவதன்று. இருமும்போதும் பேசும்போதும் காற்றிலே கலந்து பரவுவது. தட்டை விலக்கிவிட்டு, பனி பிடிக்குமென்று சன்னலை இறுகச் சாத்துகின்றவர்களுக்கு என்ன சொல்வது! நெருப்புக்காய்ச்சலுக்கு இது நேர்மாறு. அது தண்ணீராலும் அழுக்குக் கையாலும் வாய்வழி போகும் நோய். அங்கே கை கழுவுதலும் கொதித்தாறிய நீரும் மலசலகூடத்தின் சுத்தமுமே காவல். நல்ல தண்ணீருக்குப் பல வீட்டார் ஒரு கிணற்றை நம்பி வாழும் இவ்வூரிலே இதை மறக்கலாகாது. நோய் எவ்வழியாற் போகிறதென்று தெரியாமல் அஞ்சுகிறவன் தவறான கதவைப் பூட்டுகிறான்.

அம்மாள் வருத்தம் வந்த வீட்டை நம் ஆச்சிமார் எவ்வாறு நடத்தினார்கள்? வாசலிலே வேப்பிலை செருகினர். விருந்தினர் வாரார்; வீட்டார் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகார். வேப்பிலை கிருமியைக் கொல்லுமா என்ற வாதம் நமக்கு வேண்டாம். அது ஓர் அறிவிப்பு. அவ்வறிவிப்பில் வெட்கம் இருக்கவில்லை. நோயாளி விலகியிருந்தார், ஆனால் விலக்கப்படவில்லை. அயலார் படலைவரை வந்து இளநீரும் நுங்கும் வைத்துவிட்டுப் போயினர். கொப்புளிப்பான் பருக்கள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொற்றும் என்று இன்றைய வைத்தியம் சொல்கிறது. ஆச்சிமார் அதை அறிந்திருக்க முடியாது. அறிந்த அளவுக்கு அவர்கள் முறையாகவே நடந்தார்கள்.

2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது அந்த முறை நமக்குக் கைகொடுக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் ஊரடங்கு. ஒக்ரோபரில் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலையிலே தொற்றுப் பெருகியபோது, அங்கு பணியாற்றிப் புங்குடுதீவுக்குத் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. நமது அயல்தீவு முடக்கப்பட்டது. திசெம்பரில் மருதனார்மடச் சந்தை. தொற்றியவரையும் உறவினரையும் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுபோயினர். அந்நிலையங்களிற் பலவற்றைப் படையினரே நடத்தினர். பெருந்தொற்றிலே கடுமை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், படைவண்டி படலையில் வந்து நின்றால் ஒரு தமிழ்த் தாயின் நெஞ்சிலே எவ்வெந் நினைவுகள் எழும் என்பதை ஆள்வோர் சற்றேனும் எண்ணினார்களா? வண்டிக்கு அஞ்சியவன் காய்ச்சலை மறைப்பான். 2021ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான், மேல் மாகாணத்தில் முதலாவதாக, அறிகுறி குறைந்தோரை வைத்தியர் கண்காணிப்பில் வீட்டிலேயே வைத்திருக்கும் முறை தொடங்கிற்று. சென்னை ஆராய்ச்சி கொரோனாவைப் பற்றியதன்று. இரு நோயும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், வீட்டை நம்பலாமா என்ற கேள்வியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்ற எண்ணத்தை அவ்வாராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே காட்டியிருந்தது.

நமது தீவுகளில் இக்கேள்விக்குத் தனிக் கனமுண்டு. போராலும் புலப்பெயர்வாலும் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் இருக்க, முதியோர் இருவரோ ஒருவரோ பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் ஊர்கள் இவை. ஆண்டுக்கொருமுறை பேரப்பிள்ளை வரும். வரும்போது தடிமனும் கூடவே வரும். வராதே என்று எந்தப் பாட்டி சொல்லுவாள்? நாமும் சொல்லமாட்டோம். காய்ச்சலோடு விமானம் ஏறாதிருங்கள். வந்தபின் இருமல் கண்டால் சில நாள் முற்றத்திலே, காற்றோட்டத்தில், முகக்கவசமிட்டுப் பேசுங்கள். முத்தத்தைப் பின்னுக்கு வைத்திருங்கள். சளிக்காய்ச்சலுக்கும் கொரோனாவுக்கும் தடுப்பூசி உண்டு. முதியோர்க்கு எது வேண்டுமென்று வைத்தியரைக் கேளுங்கள். கருவுற்ற பெண்ணிருக்கும் வீட்டில் கொப்புளிப்பானையும் செங்கண்மாரியையும் சிறு வருத்தமென்று விட்டுவிடாதீர்கள்.

அறிவுரை மட்டும் போதுமா? தோட்டத்திற் கூலிக்குப் போகிறவன், மீன்பிடிக்கப் போகிறவன், ஒருநாள் போகாவிட்டால் அன்றிரவு அடுப்பு எரியாது. அவனை நோக்கி 'பதினான்கு நாள் வீட்டில் இரு' என்பது எளிது. 2020 ஏப்பிரிலில் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள். ஒரு மாதத்து வயிற்றுக்கு அது எம்மாத்திரம்! சயரோகத்துக்கு இன்று ஆறு மாத மருந்து. மருந்துக்குக் காசில்லை என்பது உண்மையே. ஆனால், பொன்னாலைப் பாலத்தைக் கடந்து பட்டினத்துக்குப் போய்வரும் செலவும் இழந்த கூலியும் யார் கணக்கு? அதை அரசாங்கத்தின் கணக்கில் வைக்கவேண்டுமென்று நாம் கேட்கிறோம். மாகாண சபையும் பிரதேச சபையும் இதிற் கைகட்டி நிற்கக்கூடாது. அதுவரையில், நோயாளியின் வீட்டுக்கு ஒரு கொத்து அரிசியை அயலார் கொண்டுபோய் வைப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. ஆச்சிமார் கேட்டுக்கொண்டா வைத்தார்கள்?

கூட்டம் முடிந்தபின் தனியே வந்து கேட்க விரும்புவோர் சிலர் இங்கிருக்கக்கூடும். அவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறோம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால், மாலையிற் காய்ச்சல் காய்ந்தால், உடம்பு மெலிந்தால், சளியைப் பரிசோதிப்பிக்க வேண்டும். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திலே அதற்குக் கட்டணமில்லை. நோய் உறுதியானால் வீட்டிலுள்ள எல்லோரையும், சிறப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, கூட்டிச் செல்லுங்கள். அவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் முறை இருக்கிறது. தனியே போகத் தயங்குவோர் இருந்தால் நம்மில் ஒருவர் கூட வருவோம். காலைப் பேருந்திற் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.