வாயில்லா ஜீவன் தந்த எச்சரிக்கை



தோட்டத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. இரவில் அது காவல். பகலில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழன். சோறு மிஞ்சினால் நாய்க்கு, எலும்பு மிஞ்சினால் நாய்க்கு என்பதுதான் நம் வீட்டு வழக்கம். அதுவும் நம்மிடம் வேறொன்றும் கேட்பதில்லை. இன்று என் வீட்டு நாயைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறேன். நாய்க்கு ஒரு வானொலிப் பேச்சா என்று யாரும் வானொலியை மூடிவிட வேண்டாம். நம் அடுப்படியில் இருக்கும் கடலை மூட்டையைப் பற்றியும் இந்தப் பேச்சில் சேதி உண்டு.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியர். பள்ளியை ஒட்டியே எங்கள் வீடு. செம்பனைக் காட்டோரம் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு கறுப்புக் குட்டியை என் மாணவர்கள் ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சார், எங்க வீட்டுல வேணாங்கிறாங்க. நீங்க வளங்க சார்" என்றார்கள். மறுக்க மனம் வரவில்லை. மணி என்று பெயர் வைத்தோம்.

அந்த ஆண்டுத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வாங்கிய நிலக்கடலையில் ஒரு மூட்டை மிஞ்சிப் போனது. அதை நாங்களும் பக்கத்து வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டோம். பிறகு மழைக்காலம் வந்தது. சிமெண்டுத் தரையில் வைத்த மூட்டை அடியில் ஈரம் ஏறி, கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்துவிட்டது. தூக்கி எறியலாம் என்றாள் என் மனைவி. நான்தான் கேட்கவில்லை. பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த தாய், ஒரு பருக்கைச் சோற்றையும் வீணாக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கடலையை உதறி, வெயிலில் காயவைத்து, இடித்து, நாய்க்கு வைக்கும் சோற்றில் நாள்தோறும் ஒரு கைப்பிடி கலந்தேன். நாய்தானே, அதற்கு எதுவும் செரிக்கும் என்று எண்ணினேன்.

மூன்று வாரம் சென்றிருக்கும். மணிக்கு அப்போது எட்டு மாதம். வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவது நின்றது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாந்தி எடுத்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. ஒரு மாலையில் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. கண்ணின் வெள்ளையும் அப்படியே. மனிதருக்கு வரும் மஞ்சள் காமாலை நாய்க்கும் வரும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மறுநாள் பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த அந்த அம்மையார், கல்லீரல் மிகவும் கெட்டிருக்கிறது என்றார். என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலையைப் பற்றிச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார். "அதே கடலையை வீட்டில் மனிதர்கள் யாராவது சாப்பிடுகிறீர்களா?" என்றார்.

நேயர்களே, அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு நாய் மறந்து போயிற்று. நாயை அங்கேயே மருத்துவத்துக்கு விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு விரைந்தேன். பக்கத்து வீட்டு அக்காள் கடலையை வறுத்து, சர்க்கரைப் பாகு ஊற்றி உருண்டை பிடித்து முடித்திருந்தார். "நல்ல கடலையாப் பொறுக்கித்தானே எடுத்தேன் சார். கெட்டதையெல்லாம் தள்ளிட்டேனே" என்றார். அவருடைய சின்ன மகன் அதற்குள் ஒரு உருண்டையைத் தின்றுவிட்டான். மிச்சத்தை எல்லாம் குழி தோண்டிப் புதைத்தோம். பையனை அன்றே கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். கண்ணையும் சிறுநீரையும் கவனித்து வரச் சொன்னார்கள். நல்ல வேளையாக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் அக்காள் வீட்டிலும் என் வீட்டிலும் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பூசணத்தில்? நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவை ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்தால், ஒரு வகைப் பூசணம் அவற்றில் வளர்ந்து அஃப்லடோக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். எல்லாப் பூசணமும் இந்த நஞ்சைத் தருவதில்லை. ஆனால் எது தரும், எது தராது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பூசணத்தைத் துடைத்தாலும் நஞ்சு உள்ளே இருக்கும். நம் வீட்டு அடுப்புச் சூட்டில் வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுவதும் அழியாது. அந்த நஞ்சு தாக்கும் உறுப்பு கல்லீரல்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. அவற்றின் தீனியில் சேர்த்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது. 1974ஆம் ஆண்டு மேற்கு இந்தியாவில், பல கிராமங்களில், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை மக்களுக்குக் காமாலை கண்டு, வயிறு வீங்கி, பலர் மாண்டனர். அதே சோளத்தைத் தின்ற அவர்களுடைய நாய்களுக்கும் அதே நோய் வந்தது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு அக்டோபரில், பேராக் மாநிலத்தில், ஒரு வகை அரிசி மீயைச் சாப்பிட்ட 13 சீனப் பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அவர்களின் உடலில் இந்த நஞ்சு இருந்ததைச் சோதனைகள் காட்டின.

மணிக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கும் என்றார் மருத்துவர். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். அது மனிதருக்கும் தொற்றும். ஆகவே அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். சோதனை முடிவு தெரியும்வரை அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்க வேண்டாம் என்றும் சொன்னார். முடிவு அந்தக் காய்ச்சல் இல்லை என்று வந்தது.

ஐந்தாம் நாள் மணி வீட்டுக்கு வந்தது. கல்லீரலுக்கு ஒரு நற்குணம் உண்டு. நல்ல பகுதி போதிய அளவு மிஞ்சியிருந்தால் அது மீண்டும் வளரும். ஆனால் தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. மணியின் கல்லீரலில் இரண்டும் இருக்கின்றன. அதனால் எங்கள் வீட்டில் நாளின் ஒழுங்கே மாறிவிட்டது.

காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது அதன் ஈறு. பிறகு சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம். மலம் தார் போல் கறுத்திருந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள். வயிறு உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். உணவை ஒரே வேளையில் கொட்டுவதில்லை. சிறிது சிறிதாக நான்கு வேளை. கெட்ட கல்லீரலால் சத்தைச் சேமித்து வைக்க முடியாது என்பதால், படுக்கப் போகுமுன் ஒரு சிறு வேளை கட்டாயம். குழைந்த சோறு, அவித்த முட்டை, தோல் நீக்கிய கோழி சிறிது, சில நாள் தவ்ஃபு. கருவாடு, உப்பு, மசாலைக் குழம்பு, வெங்காயம் எதுவும் இல்லை. வளரும் நாய் என்பதால் புரதத்தை அடியோடு குறைக்கக் கூடாது. கொடுப்பதை எளிதில் செரிப்பதாகக் கொடுங்கள் என்பது மருத்துவரின் சொல்.

ஒரு முறை இதை மறந்தோம். தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் அன்பு மிகுதியால் ஒரு தட்டு ஆட்டுக்கறியை வைத்துவிட்டார். சில மணி நேரத்தில் மணி குடித்தவனைப் போல் தள்ளாடியது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. இறைச்சி செரிக்கும்போது உண்டாகும் கழிவைக் கல்லீரல் சுத்தம் செய்ய முடியாமல், அது மூளைக்கு ஏறிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு மருந்தைக் கொடுத்து மீட்டார். அன்று முதல் மணியின் கழுத்துப் பட்டையில், "எனக்கு எதுவும் தராதீர்கள்" என்று என் மகள் எழுதிக் கட்டியிருக்கிறாள்.

அக்கம்பக்கத்தார் சொன்ன யோசனைகளும் உண்டு. ஈரலுக்கு ஈரல்தான் மருந்து, ஆட்டீரல் கொடுங்கள் என்றார் ஒருவர். ஈரலில் செம்புச் சத்து மிகுதி; நோயுற்ற கல்லீரலுக்கு அது சுமை. உடம்பு சுடுகிறது, பனடோல் கொடுங்கள் என்றார் இன்னொருவர். மனிதருக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை நல்ல நாயின் கல்லீரலையே கெடுக்கக்கூடியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒரு பாட்டி. அவர் அன்பை மதித்தேன். ஆயினும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் புகட்டுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இதற்கெல்லாம் செலவு ஆகிறதே என்பீர்கள். ஆகிறது. தொடக்கத்தில் என் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு போயிற்று. இப்போது அரசாங்கக் கால்நடை மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்கிறோம். அங்கே கட்டணம் குறைவு. ஆனால் இந்தச் செலவு முழுவதும், நான் வீணாக்க மனம் வராமல் மிச்சம் பிடித்த அந்தக் கடலையால் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிக்கனம் நம் மக்களின் நற்பண்பு. அதை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. சிக்கனத்தை வாங்கும்போதே காட்டுவோம். கடலையும் சோளமும் ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவோம். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்போம். மூடியுள்ள தகர டின்னில் போட்டு வைப்போம். பூசணம் பூத்தது, சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் புதைத்துவிடுவோம். மனிதருக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. நாய் திடீரென்று உண்ண மறுத்தால், அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அது என்ன தின்றது என்பதையும், அதே பண்டம் பிள்ளைகளின் தட்டில் இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

மணிக்கு இப்போது இரண்டு வயது நெருங்குகிறது. மற்ற நாய்களைப் போல் நெடுந்தூரம் ஓடாது. எத்தனை ஆண்டு இருக்கும் என்று மருத்துவரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் பள்ளி விட்டு நான் வரும் நேரம் தெரிந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னவன் அதன் அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். அந்த இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம், யார் யாரைக் காப்பாற்றியது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது.