கண்ணாடி காட்டும் தொழிற்கல்வி

(ராசிங்காபுரத்தில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை 1928ஆம் ஆண்டில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெயர்க்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இடப்பெற்றது. அதனை அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகள் நின்றன. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் மீண்டும் வண்டி வந்தது. வந்த வண்டிக்கு மாலையிட்டோம்; அதன் பாதையை நாள்தோறும் காக்கும் தொழிலாளரை நம்மில் எத்துணைப் பேர் எண்ணினோம்?

அவர்தம் தொழில் எளிதன்று. வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டை எடுத்துக்கொள்வோம். அதன் நாக்குத் தண்டவாளத்திற்கும் பக்கத் தண்டவாளத்திற்கும் இடையே 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டை வைத்துச் சோதிப்பர். அப்போது அது பூட்டிக்கொள்ளுதல் கூடாது. பூட்டிக்கொள்ளுமாயின் வண்டி தடம் புரள வழியுண்டு. மேலே செல்லும் மின்கம்பியிலோ 25,000 வோல்ட் மின்சாரம் ஓடும். இத்தகைய இடத்தில் பிழை செய்து பிழை திருந்துவோம் என்பது இயலுமோ?

இதற்கு உதவியாக வந்ததே ஆக்மெண்டட் ரியாலிட்டி என்பது. தமிழில் மிகைமெய்ம்மை என்பர். மெய்நிகர்க் காட்சி நம்மை வேறோர் உலகில் புகுத்தும். இதுவோ, கண்ணெதிரே உள்ள பொருளின்மீதே குறிகளை எழுதிக் காட்டும். மாணாக்கன் ஒரு கண்ணாடியை அணிந்து பாயிண்டை நோக்குவான். எந்த ஆணியை முதலிற் கழற்றுவது, எங்கே அளவிடுவது என்பன அப்பொருளின்மேலேயே தோன்றும். வண்டி ஓடாத பயிற்சிக்கூடத்தில் அவன் நூறு முறை தவறலாம், ஓருயிர்க்கும் கேடில்லை. 1992ஆம் ஆண்டில் போயிங் விமானக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் இதனை விளக்கியெழுதியதும், விமானத்தில் கம்பிகளைப் பொருத்தும் தொழிலாளர்க்கு உதவுதற்பொருட்டே. ரயிலோட்டுவோர்க்குப் பாவனை இயந்திரங்களைக் கொண்டு பயிற்சி தரும் நம் நாட்டில், பாதை காப்போர்க்கும் இத்தகைய வசதி வேண்டுமென்பது நியாயமே.

எனினும் கண்ணாடியே ஆசானாகிவிடாது. சுத்தியலின் பாரத்தையும், நண்பகல் வெயிலில் தண்டவாளத்தின் சூட்டையும் அது கற்பியாது. தட்டிய ஓசையாலேயே தளர்ச்சியறியும் மேஸ்திரியின் அறிவைக் கற்க, அவர் பின்னே நடத்தல் வேண்டும். கண்ணாடி முதற்பாடம்; மேஸ்திரி முழுப்பாடம்.

மற்றொன்று கூறுவோம். அக்கண்ணாடியில் தோன்றும் எழுத்து எம்மொழியில் இருக்கும்? ஆபத்தைக் குறிக்கும் சொல்லை அகராதி பார்த்துப் பொருள் கொள்ள நேரமில்லை. தமிழ்த் தொழிலாளன் கற்கும் பாடம் தமிழில் இருத்தல் வேண்டும். அதிலும் 'ஜல்லி', 'பாயிண்ட்', 'ஸ்லீப்பர்' என அவர்கள் வழங்கும் சொற்களையே வைத்தல் வேண்டும். பண்டிதராகிய நாமே இதனைச் சொல்லுகின்றோம்.

அன்பர்களே! விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்வோரின் மக்கள் இவ்வூரில் பலர். அவர்கட்குத் தொழிற்பயிற்சி நிலையங்களும், பொன்மலை, பெரம்பூர் ஆகிய ரயில்வே தொழிற்சாலைகளின் அப்பிரெண்டிஸ் பயிற்சியும் இருக்கின்றன. விளம்பரம் வந்தது தெரியாமலே நாள் கடந்துவிடுதல்தான் குறை. ஆதலின், இத்தகைய அறிவிப்புகளைத் திரட்டி மாதந்தோறும் படித்துக் காட்டவும், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் நம் சங்கம் இருவரை நியமித்தல் வேண்டும். ஆண்மக்களோடு பெண்மக்களையும் அனுப்புவீர்களாக.