பழைய சிறு டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

(உழவர் தின விழாவில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



இரகத்தையும் உரத்தையும் பற்றிக் கேட்க வேண்டிய என்னிடம், "பழைய சின்ன டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். மழை பெய்த மூன்றாம் நாள் உழவு நடக்காவிட்டால் நான் சொல்லும் இரகமும் விளையாது, உரமும் பலிக்காது. ஆகவே கேள்வி நியாயமானதே. வாங்குவதற்காக வீட்டு நகை அடகுக்குப் போகிறது என்பதால், பதிலையும் யோசித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறு டிராக்டர் என்று நான் இங்கே குறிப்பிடுவது 15 முதல் 20 குதிரைத்திறன் வரை உள்ளவற்றை. மூன்று சிலிண்டர் கொண்ட 18.5 குதிரைத்திறன் மிட்சுபிஷி சக்தி, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 15 குதிரைத்திறன் மஹிந்திரா யுவராஜ், சுவராஜ் 717 ஆகியவை நம் பக்கம் பழைய விலைக்குக் கிடைப்பவை. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலின் கீழும், தென்னந்தோப்பிலும், அகலப் பாரிட்ட கரும்பிலும் பெரிய வண்டி நுழையாத இடத்தில் இது நுழையும். மண்ணையும் குறைவாகவே அமுக்கும். உழவியல்காரன் என்ற முறையில் எனக்கு இதன்மேல் ஒரு பிரியம் உண்டு.

பிரியத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போடுவோம். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டரை மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்புவதில் வீணாகும் நேரம் போக, ஒரு மணிக்கு 40 சென்ட் உழலாம். ஏக்கருக்கு இரண்டரை மணி. மூன்று ஏக்கரில் ஒரு போகத்திற்கு இரண்டு ஓட்டு ஓட்டினால் 15 மணி, இரு போகத்திற்கு 30 மணி. மண்ணடிப்பது, எரு இழுப்பது எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்கு 70, 80 மணி தாண்டாது.

இனிச் செலவைப் பாருங்கள். ஓர் உதாரணத்திற்கு, வண்டி இரண்டு இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு வைத்திருந்து 80,000 ரூபாய்க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 15,000. சராசரி முதலீட்டிற்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் 14,000. காப்பீட்டிற்கு 4,000. ஆக 33,000 ரூபாய். வண்டி கொட்டகையில் நின்றாலும் இச்செலவு நிற்காது. ஆண்டுக்கு 100 மணி ஓடினால், டீசலும் பழுதும் சேராமலே மணிக்கு 330 ரூபாய். 300 மணி ஓடினால் 110 ரூபாய்தான். உங்கள் ஊர் வாடகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களையும் மறக்க வேண்டாம். மூன்று ஏக்கர் மட்டும் ஒரு டிராக்டருக்குத் தீனி போடாது. அண்டை அயலாரோடு கூட்டாக வாங்குவோருக்கும், தோப்பும் பாரும் சேர்ந்து ஆண்டு முழுதும் வேலை உள்ளோருக்கும் இது கட்டும். மற்றவர்கள் வாடகை உழவோடு இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கட்டும் என்று முடிவு செய்தவர்கள் வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். முன்னதாகச் சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய இன்ஜின் எப்படி எடுக்கிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். எடுத்தவுடன் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் கவலை இல்லை. நீலப்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். சுமை இல்லாதபோதே கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டியோ இன்ஜெக்டரோ கோளாறு. இது செலவு குறைந்த கோளாறாகவும் இருக்கலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்துப் பாருங்கள். குப்குப்பென்று காற்றும் ஆயில் துளியும் அடித்தால் விலை பேசாமல் திரும்பி விடலாம்.

மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதன் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எளிது. கிளட்ச் மிதியின் தேய்வு, ஸ்டியரிங்கின் ஆட்டம், கலப்பை மாட்டும் இணைப்புகளில் துளை நீள்வட்டமாகிப் போயிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சிறிது சிறிதாக இறங்கினால் பரவாயில்லை. உடனே தொப்பென்று இறங்கினால் ஹைட்ராலிக் சீல் போயிருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, வண்டி எங்கே உழைத்தது என்று கேளுங்கள். தோட்டக்காலில் உழைத்த பத்து வயது வண்டி ஒருவேளை தேவலாம். நஞ்சைச் சேற்றில் உழைத்த ஐந்து வயது வண்டி மோசமாக இருக்கலாம். சேற்றுழவில் அச்சு வரை தண்ணீரில் நிற்கும் வண்டிக்கு, சீல் சற்றுத் தேய்ந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போன தண்ணீர் எண்ணெயோடு கலந்து மோர் போலாகிவிடும். மோர் மசகாகுமா? பேரிங்கும் பல்சக்கரமும் ஓசையின்றி அரிக்கப்படும். ஆகவே முன் அச்சு, பின் அச்சு, கியர் பெட்டி மூன்றின் வடிகால் திருகையும் சிறிது தளர்த்தி, ஒரு கரண்டி எண்ணெயாவது எடுத்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். இன்ஜின் ஆயிலே மோர் போலிருந்தால் அது வேறு சங்கதி. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கேஸ்கெட்டோ, சிலிண்டர் ஹெட்டோ, லைனரோ பார்க்க வேண்டிவரும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின் டயர் அளவைக் கம்பெனி சொன்னபடி ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் அளவு பொருந்தாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்து முன் அச்சுப் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். கெட்டியான சாலையில் முன் சக்கர இழுவையை விலக்கிவிட்டே ஓட்ட வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் குறிப்பு அதில் இருந்தால், நிலுவை இல்லை என்ற சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 வேண்டும். "பெயர் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் ஒன்று சொல்லுங்கள்: பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்டால் அவரே முன்வந்து அலுவலகம் வருவார். வண்டிக்குச் செய்த காப்பீடு டிரெய்லருக்கும் அதில் ஏறுவோருக்கும் தானாகப் பொருந்திவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் மாதச் செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் சரி, எல்லா எண்ணெயையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். ஆயில், டீசல் வடிகட்டிகள், விசிறி பெல்ட், ரேடியேட்டர் குழாய் இவற்றையும் மாற்றிவிடுங்கள். அன்றைய தேதியையும் மீட்டர் மணியையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பால் கணக்கு எழுதும் நோட்டே போதும்.

அன்றாடப் பராமரிப்பில் பத்து நிமிடம் போதும். இன்ஜினை எடுக்குமுன் சமதரையில் ஆயில் அளவு, ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். அதிகம் புறக்கணிக்கப்படுவது காற்று வடிகட்டிதான். மானாவாரிப் புழுதியில் உழும்போது இன்ஜின் குடிப்பது டீசலை மட்டுமல்ல, புழுதியையும்தான். உள்ளே போன மணல் சிலிண்டரை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் தேய்க்கும். ஆயில் கிண்ணம் உள்ள வடிகட்டியானால், புழுதி நாட்களில் தினமும் திறந்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, குறியளவு புது ஆயில் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதையும் உறிஞ்சிவிடும். காகித வடிகட்டியைக் கழுவக்கூடாது. டீசலை மூடியுள்ள பாத்திரத்தில் தெளியவைத்து வடிகட்டி ஊற்றுங்கள். மாலையிலேயே டாங்கை நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே நீர்த்துளி படிவது குறையும்.

சேற்றுழவு முடிந்த அன்றே கழுவி, கிரீஸ் அடிக்கும் எல்லா முனைகளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். அப்போதுதான் உள்ளே புகுந்த நீரும் வெளியேறும். வாரம் ஒருமுறை முன் அச்சு எண்ணெயைப் பாருங்கள்.

சேற்றில் சக்கரம் புதைந்து சுற்றினால், பின் சக்கரத்தில் மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி ஏற்ற முயல்கிறோமே, அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். கட்டை தரையில் முட்டிச் சக்கரம் நின்றுவிட்டால், இன்ஜினின் விசை வண்டியின் உடலையே பின்னச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழுந்து ஓட்டுபவர்மேல் கவிழ இரண்டு வினாடி ஆகாது, குதிக்க நேரமில்லை. எடை குறைந்த வண்டிதானே என்று நினைக்க வேண்டாம், ஓர் ஆளை நசுக்க அந்த எடை தாராளம். புதைந்தால் இன்ஜினை அணைத்து, கலப்பையைக் கழற்றி, சக்கரத்தின் பின்புறம் வெட்டிச் சரிவாக்கிப் பின்னோக்கியே எடுங்கள். முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். ரோட்டவேட்டரை ஓட்டும் தண்டின்மேல் உள்ள மூடியைக் கழற்றிப் போட்டிருந்தால் அதையும் தேடி மாட்டுங்கள். ஒரு நிமிடத்தில் 540 சுற்றுச் சுற்றும் அந்தத் தண்டில் வேட்டி நுனி பட்டால் போதும்.

கருவியும் வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரிய ரோட்டவேட்டரை இரவல் வாங்கி மாட்டினால் கிளட்ச் பிளேட் கருகும். ரோட்டவேட்டரையே ஆண்டுதோறும் ஓட்டினால் மேல்மண் பொலபொலப்பாகவும், அடியில் ஒரு கடினத்தட்டும் உண்டாகும். அதை உடைக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்ட வேண்டும். அந்த வேலை மட்டும் சிறு டிராக்டரால் ஆகாது. அன்றைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

வேலையில்லா மாதங்களில் வண்டியைக் கூரையின் கீழ், டயரில் வெயில் படாமல் நிறுத்துங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றி, முனைகளில் வாசலின் தடவி வையுங்கள். மாதம் இருமுறை இணைத்து, இன்ஜின் நன்கு சூடேறும்வரை ஓடவிடுங்கள். புகைபோக்கி வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் மழைநீர் இறங்காது. எடுக்குமுன் டப்பாவை எடுத்துவிட வேண்டும். உங்கள் வண்டியில் ஏதேனும் குறை இருந்தால் இப்போது கேட்கலாம்.