பழைய காவலனும் புதிய குட்டியும்

முதிய நாயொன்று வாழும் வீட்டிற்கு நாய்க்குட்டியொன்றைக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நாய் வளர்ப்பைப் பற்றிப் பேச ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவுதல் கூடும். எனக்குள்ள தகுதி ஒன்றே. இக்காரியத்தை நான் முதலிற் பிழையாகச் செய்தேன், பிழையின் பயனைக் கண்ணாரக் கண்டேன், பின்னரே திருத்திக்கொண்டேன். பிழை செய்து கற்றவன் சொல்வதைக் கேட்பதால் நட்டம் ஒன்றும் இல்லை அல்லவா?

எங்கள் வீட்டு நாயின் பெயர் வீரன். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் வளவைக் காத்து வருவது. படலை திறக்கும் ஓசையைக் கொண்டே வருபவர் உறவினரா அயலாரா என்று அறிந்துகொள்ளும் நாய் அது. அண்மைக் காலத்தில் அதன் முகவாயில் நரை படர்ந்தது. விறாந்தைப் படியில் ஏறும்பொழுது ஒருகணம் நின்று, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டே ஏறலாயிற்று. அழைத்தால் இரண்டாம் முறையே திரும்பிப் பார்த்தது. வயது போய்விட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அதற்குமேல் ஆராயவில்லை.

அவ்வேளையில் ஒருநாட் காலை, எங்கள் பாடசாலை வாயிலில் யாரோ ஒரு கடதாசிப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஏழு கிழமை மதிக்கத்தக்க பெண்குட்டி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. பெண்குட்டிகளைச் சந்தைப் புறத்திலும் கோயில் வீதியிலும் கைவிட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. மாணவர்கள் என் முகத்தையே நோக்கி நின்றார்கள். உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று காலைக் கூட்டத்திற் பேசிய வாய் அக்கணத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? குட்டியை வீட்டுக்குக் கொண்டு சென்றேன். என் இளைய மகள் அதற்குச் சின்னி என்று பெயரிட்டாள்.

அன்று மாலை நான் செய்தது இது. சின்னியைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே விறாந்தைக்குச் சென்று, வீரன் படுத்திருந்த சாக்கின்மேலேயே இறக்கி விட்டேன். முதியவர் உறங்கும் கட்டிலில் முன்பின் அறியாத பிள்ளையைக் கொண்டுபோய்ப் போட்டதற்கு ஒப்பான செயல் அது. வீரன் எழுந்து அப்பாற் சென்று படுத்தது. அதைப் பெருந்தன்மை என்று நான் மெச்சினேன்.

இரண்டு மூன்று நாட்களிற் குட்டி துணிவு பெற்றது. வீரனின் வாலைப் பற்றி இழுத்தது. சோற்றுச் சட்டியில் வாய் வைத்தது. உறங்கும் நாயின் முதுகில் ஏறி உருண்டது. வீரன் பல்லைக் காட்டி உறுமியது. ‘தாயில்லாக் குட்டியிடமா உன் வீரம்?’ என்று சினந்து, வேலியோரம் கிடந்த பூவரசந்தடியால் நான் அதற்கு ஓர் அடி கொடுத்தேன். மறுநாளும் உறுமிற்று, மறுநாளும் அடித்தேன். பாடசாலையிற் பிரம்பைக் கீழே வைத்துப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. எனினும் கை அதன் பழக்கத்தை மறக்கவில்லை.

அதன்பின் வீரன் உறுமவில்லை. குட்டி எது செய்தாலும் வாளாவிருந்தது. வீட்டிற் சமாதானம் நிலவுகின்றது என்று நான் மகிழ்ந்தேன். எட்டாம் நாட் காலையிற் சின்னி அதன் பின்னங்காலைக் கவ்வி இழுத்தது. ஓசை எதுவும் எழவில்லை. ஒரே கணத்தில் வீரன் திரும்பிக் கடித்தது. குட்டியின் காது கிழிந்து முற்றமெல்லாம் இரத்தத் துளிகள். மகளின் அழுகுரல் அயல்வீடு வரை கேட்டது. கிழட்டு நாய்க்கு மதம் பிடித்துவிட்டது, இனி இதனை எங்கேனும் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டியதுதான் என்று நானே சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுக் காவலுக்கு நான் அளிக்கவிருந்த ஓய்வூதியம் அது.

இரண்டையும் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றேன். அந்த வைத்தியர் ஒருகாலத்தில் என் வகுப்பிற் பயின்ற மாணவி. குட்டியின் காதுக்கு மருந்திட்டபின், வீரனின் இடுப்பையும் பின்னங்கால்களையும் மெல்ல மடித்துப் பார்த்தார். நாய் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ‘ஐயா, இதற்கு மூட்டுகளில் நல்ல நோ இருக்கிறது. காதும் மந்தம். குட்டியை வெறுத்து அது உறுமவில்லை. “எனக்கு நோகிறது, விலகு” என்று சொல்லியிருக்கிறது. அதற்கு முன் உறுமியதில்லையா?’ என்று கேட்டார். உறுமியது, அடித்து நிறுத்தினேன் என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘அப்படியானால் பேசுவதற்கு இருந்த வழியை நாம் அடைத்துவிட்டோம், ஐயா’ என்றார். ‘நீங்கள்’ என்று சொல்லாமல் ‘நாம்’ என்று சொன்னது அவருடைய மரியாதை.

நேயர்களே, உறுமல் குற்றமன்று. அது நாயின் மொழி. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பின் உடலை விறைப்பாக்கும், உதட்டை உயர்த்தும், அதன்பின் உறுமும். இத்தனையும் பயனற்றுப் போனாலே கடிக்கும். இடையிலுள்ள படிகளை நாம் அடித்து உடைத்துவிட்டால், எஞ்சுவது கடி ஒன்றே.

உறுமலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்கொட், புல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், மேய்ன் மாநிலத்தில் நீண்டகாலம் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் கிழமை தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையிலான காலமே, குட்டி பிறரோடு பழகும் முறையைக் கற்கும் பருவம் என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று. எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு, எவ்வளவு கடித்தால் வினை என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமுமே குட்டி பயில்கின்றது. சின்னியிடமிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தை யாரோ ஒருவர் பெட்டியில் இட்டுப் பறித்துவிட்டார். எஞ்சியிருந்த ஆசிரியர் வீரன் ஒருவரே. பாடம் நடத்திய ஆசிரியரை அதிபராகிய நான் தடி எடுத்துத் தண்டித்தேன். இதை எண்ணும்பொழுது இன்றும் நாணுகின்றேன்.

இனி, வைத்தியரிடம் கேட்டறிந்து நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கின்றேன்.

முதலாவது, நோயைப் பற்றிய எச்சரிக்கை. தெருவிற் கண்டெடுத்த குட்டியை வைத்தியரிடம் காட்டுமுன் வீட்டு நாயோடு சேர்த்தல் ஆகாது. பூச்சி, உண்ணி, உயிரைப் பறிக்கும் வயிற்றோட்ட நோய் ஆகியவை அதனோடு வந்து சேரலாம். குட்டி நாய் கடித்தால் விசர் வராது என்று எண்ணுவோர் உளர். அது பெரும் பிழை. குட்டியாயினும் கடித்தாலோ பல் கீறினாலோ, புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1973ஆம் ஆண்டில் நம் நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் மாண்டனர். இன்று அத்தொகை பெரிதும் குறைந்திருப்பதற்குத் தடுப்பூசியே தலையாய காரணம். வீட்டிலுள்ள முதிய நாய்க்கும் அந்த ஊசி ஆண்டுதோறும் வேண்டும். பெண்குட்டியாயின் உரிய பருவத்திற் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்வித்துவிடுங்கள். பாடசாலை வாயிலில் மேலும் பெட்டிகள் வாராதிருக்க அதுவே வழி.

இரண்டாவது, முதிய நாயின் உடல்நிலை. குட்டியைக் கொண்டுவருமுன் அதன் மூட்டு, கண், காது, பல் ஆகியவற்றைச் சோதிப்பித்தல் நன்று. நோவோடு இருக்கும் நாயிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் மனிதருக்குரிய நோ மாத்திரைகளை நாமாகக் கொடுத்துவிடலாகாது. அவற்றுட் சில நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது, அறிமுகம். முதற் சந்திப்பு முதிய நாயின் படுக்கையருகே நிகழலாகாது. குட்டி படுத்த துணியொன்றை முன்னதாகவே அதன் அருகில் இட்டு, மணத்தால் அறியச் செய்யுங்கள். தடுப்பூசிகள் முற்றுப்பெறும் வரை குட்டியைத் தெருவில் இறக்காது, வளவின் ஒரு மூலையில், முதிய நாய் உண்ணாததும் உறங்காததுமான இடத்திற் சந்திக்க விடுங்கள். சில நிமிடங்கள் போதும். முதிய நாய் விலகிச் செல்ல விரும்பினால் வழி விடுங்கள்.

நான்காவது, இடமும் உணவும். சோற்றுச் சட்டிகள் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். குட்டி நுழைய முடியாத ஓர் இடம் முதிய நாய்க்குக் கட்டாயம் வேண்டும். நாங்கள் விறாந்தையின் ஒரு பகுதியைப் பலகையால் மறித்தோம். நாங்கள் வீட்டில் இல்லாத வேளையில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. குட்டியை மகள் முற்றத்தில் ஓடவிட்டுக் களைப்படையச் செய்த பின்னரே வீரனிடம் விடுவாள். களைத்த குட்டி நல்ல மாணவன்.

ஐந்தாவது, முறைமை. உணவு முதலில் மூத்ததற்கு. வெளியே செல்லும்பொழுது அழைப்பு முதலில் மூத்ததற்கு. மாலையில் வீடு திரும்பியதும் தடவிக் கொடுப்பதும் முதலில் மூத்ததற்கே. குட்டியின் குறும்பு எல்லாருடைய கண்ணையும் இழுத்துவிடும். முதிய நாயோ தன்னைக் கவனி என்று வந்து கேட்பதில்லை. ஹோமர் பாடிய ஒடிசியில், இருபது ஆண்டுகள் கழித்துத் தலைவன் மாறுவேடத்தில் ஊர் திரும்புகின்றான். அவனை அறிந்துகொண்டது, கவனிப்பாரற்றுச் சாணக் குவியலிற் கிடந்த ஆர்கொஸ் என்ற கிழநாய். வாலை மட்டும் அசைத்துவிட்டு அது இறந்துபடுகின்றது. நம் வீட்டுச் சாணக் குவியல் கோடிப்புறமாகவும் இருக்கலாம். வீட்டாரின் மறதியாகவும் இருக்கலாம்.

முதியது இறந்துவிட்டால் மனம் தாங்காது, ஆகவே முன்னதாகவே ஒரு குட்டியைக் கொண்டுவருவோம் என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த ஆறுதல் நமக்கே உரியது. அதன் பாரத்தைச் சுமப்பது கிழநாய். அது மிகத் தளர்ந்திருப்பின், எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழிக்க விட்டு, குட்டியைப் பின்னர் கொண்டுவருவதே அறம்.

இப்பொழுது மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன. மருந்தினால் வீரனின் நடை சற்றே இலகுவாயிற்று. சின்னி அதனிடமிருந்து ஒரு முழத் தூரத்திற் படுத்துறங்கக் கற்றுக்கொண்டது. அதற்கு மேல் அணுகினால் இன்ன நாள் பொறுக்கும், இன்ன நாள் பொறுக்காது என்பதை நான் அறியேன், குட்டி அறியும். இரண்டும் நெருங்கிய நட்புடையன என்று சொல்லேன். ஒன்றையொன்று அறிந்தன என்று சொல்வேன். ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கு அதுவே பெரும்பாலும் போதுமானது.

தடிக்கு அஞ்சி அடங்கிய அந்த உறுமல் திரும்பி வருவதற்குப் பல கிழமைகள் சென்றன. சென்ற மாரியில், மழை இரவொன்றில், நான் விறாந்தையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சாக்கின் பக்கமிருந்து தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் கேட்டது. தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்று, சின்னியைத் தூக்கி அப்பால் விட்டேன். வீரன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் கால்களின்மேல் வைத்துக்கொண்டது. அது மறுபடியும் என்னிடம் பேசத் தொடங்கியதே எனக்குப் பெரிய ஆறுதல்.

நேயர்களே, உங்கள் வீட்டு முற்றத்திலும் அத்தகைய குரல் ஒன்று எழுந்தால், தடியைத் தேடாதீர்கள். எழுந்து சென்று பாருங்கள்.