பெர்த்ராந்துக்குத் தெரிந்திருந்ததா?

   தொடக்க நவீன கால ஐரோப்பாவை ஆராய்ந்தோரின் பல்கலைக்கழக வாழ்க்கை என்பது இந்த மாநாட்டின் பொருள். அதன் அகலத்தை அடுத்து வரும் அமர்வுகள் அளக்கும். இந்த உரை ஒருவரோடு நிற்கிறது: நடாலி ஜீமன் டேவிஸ்.

1928இல் டெட்ராய்ட்டில் பிறப்பு, பிரவுன், டொராண்டோ, பெர்க்லி, பிரின்ஸ்டன் எனப் பணி, 1987இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத் தலைமை, 2010இல் ஹோல்பெர்க் பரிசு, 2023இல் மறைவு. இவற்றை அவையோர் அறிவர்.

ஆனால் 1952ஐ நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். லியோன் நகர ஆவணக் காப்பகத்தில் ஆய்வை முடித்துத் திரும்பியதும், டேவிஸ் தம்பதியின் பாஸ்போர்ட்டுகளை அமெரிக்க அரசு பறித்துக்கொண்டது. 1954இல் கணவர் சாண்ட்லரை மிச்சிகன் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியது. மூன்று குழந்தைகள், பிரான்சுக்குப் போக வழியில்லை. அமெரிக்க நூலகங்களில் கிடைத்த பதினாறாம் நூற்றாண்டு அச்சு நூல்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் முன்னுரையையும் சமர்ப்பணத்தையும் பக்க ஓரத்தையும் படித்தார். லியோன் அச்சுத் தொழிலாளர்களைப் பற்றிய முனைவர் பட்டம் 1959இல் வந்தது. இந்த ஆண்டுகளைத் துயரக் கதையாக மட்டும் சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. ஓர் அச்சு நூலை யார், யாருக்காக, எதற்காக வெளியிட்டார் என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் உருவானது.

மார்த்தென் கேர் விவாதத்தை அந்தப் பழக்கத்தைக் கொண்டே தீர்க்க வேண்டும். காணாமற்போன மார்த்தென் கேராக நடித்து, அர்னோ து தில் அவன் மனைவி பெர்த்ராந்தோடு வாழ்ந்த பதினாறாம் நூற்றாண்டு வழக்கு அது. 1988இல் ராபர்ட் ஃபின்லே, அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழில், அவளுக்கு உண்மை தெரிந்தே இருந்தது என்று வாதிட்ட டேவிஸின் 1983ஆம் ஆண்டு நூலைக் கடுமையாக மறுத்தார். அர்னோ து தில் தன் கணவன் அல்லன் என்று அர்த்திகா கிராமத்துப் பெர்த்ராந்துக்குத் தெரியும் என எந்தச் சாட்சியும் சொல்லவில்லை; நீதிமன்றமும் அவளை ஏமாற்றப்பட்டவள் என்றே கண்டது என்பது அவர் வாதம். மதிக்கத்தக்க வாதம்தான். அதே இதழில் டேவிஸ் விரிவாகப் பதில் எழுதியும், அவர் கற்பனை செய்தார் என்ற ஒற்றை வரி நம் வகுப்பறைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஃபின்லே நம்பும் மூலம் எது? துலூஸ் நீதிபதி ழான் தெ கொராஸ் 1561இல் அச்சிட்ட நூல். விசாரணை வாக்குமூலங்கள் அல்ல. 1600க்கு முந்தைய துலூஸ் குற்ற வழக்கு விசாரணைப் பதிவுகள் எஞ்சவில்லை. கொராஸ் தீர்ப்பின் சுருக்கத்தைத் தந்து, அதைச் சுற்றிச் சட்ட விளக்கக் குறிப்புகளை அடுக்கினார். வழக்கை நடத்தியவரே எழுதியது அது. போலிக் கணவனின் பேச்சும் நினைவாற்றலும் அவரைத் தடுமாற வைத்திருந்தன. மரக்காலோடு உண்மையான மார்த்தென் வந்து நின்றிராவிட்டால் தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருக்கும். அந்த நூலில் பெர்த்ராந்தின் குரல் நேராக ஒலிக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இன்னொன்றும் உண்டு. அவள் நல்லெண்ணத்தோடு நடந்தாள் என்ற முடிவோடு ஒரு சிறுமியின் உரிமையும் பிணைந்திருந்தது. தாய் அறிந்தே வாழ்ந்தாள் என்று நீதிமன்றம் சொன்னால், அர்னோவுக்குப் பிறந்த மகள் முறையான வாரிசாக இருக்க முடியாது. குழந்தையைக் காக்கச் சட்டம் ஏற்றுக்கொண்ட நிலைப்பாட்டை, பெர்த்ராந்தின் மனத்துக்குச் சான்றாக வைக்கலாகாது. மூன்றாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவளுக்கு எதுவும் புலப்படவில்லை என்பதும் ஊகம்தான். தன் ஊகத்தை ஊகமென்று முன்னுரையிலேயே அறிவித்தவர் டேவிஸ்.

அவர் அந்த வட்டாரத்து நோட்டரி ஒப்பந்தங்களைப் புரட்டினார். சீதனமும் நிலமும் எப்படிக் கைமாறின, கணவன் காணாமற்போன பெண்ணுக்கு ஊரில் என்ன இடம் இருந்தது என்பதை அவற்றிலிருந்து கட்டினார். அவரை மறுப்பவர்கள் கொராஸின் பக்கங்களையே திரும்பப் புரட்டாமல் அந்த ஒப்பந்தங்களோடு வாதிட வேண்டும். இந்த மாநாட்டின் இளம் ஆய்வாளர்களில் ஒருவராவது அதற்கு முன்வர வேண்டும் என்பதே தலைமை உரையின் கோரிக்கை.